கண்ணாடியில் வட்டம்

இரண்டு தரம் உடைத்துவிட்டார்கள்.
முதல் தரம் டாண்டினோங் சந்தைக்குப் பின்னால்,
நான் கீரைக்கட்டுக்குக் காசு கொடுத்துத் திரும்புவதற்குள்.
இரண்டாம் தரம் காருக்குள் ஒன்றுமே இல்லை.
ஜிபிஎஸ் என் கைப்பைக்குள் கிடந்தது,
முன்கண்ணாடியில் அதன் றப்பர்க் கிண்ணம் விட்ட வட்டம் மட்டும்
தேத்தண்ணீர்க் கோப்பை மேசையில் விடுவதுபோல.

வட்டத்தைக் கண்டால் கள்ளன் நிற்பானாம்.
பெட்டி எங்கோ உள்ளேதான் என்று
பக்கக் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பானாம்.
புதுக் கண்ணாடி போட வந்த டுவான் சொன்னான்.
இருநூற்றிருபது டொலர்,
புத்திமதியும் அதற்குள் அடக்கம்.

ஆகவே சனிக்கிழமை.
ரேடியோவுக்குக் கீழே சில்லறை போட ஒரு பொந்து,
அதற்கொரு மூடியும் உண்டு.
மகனின் அடிமட்டத்தால் அளந்தேன்:
பொந்து நூற்றுப்பதினைந்து மில்லிமீற்றர்
பெட்டி நூற்றுப்பத்தொன்பது.
அந்த நாலு மில்லிமீற்றருக்குள்
விடியற்காலை போனேன்,
வெளியே வரும்போது பின்னேரம்.
அரம் ராவிய கறுப்புத் தூள்
மடியில், மூக்கில், பல்லிடுக்கில்.

ரகுபரன் கராஜ் கதவில் சாய்ந்துகொண்டு
"போன்லயே எல்லாம் கிடக்கு,
பிறகேனப்பா இந்தக் கூத்து?"

போனுக்குள் வேலைத்தலம் கிடக்கிறது.
நெடுஞ்சாலையில் மூன்று வழி பிரியும் இடமாகப் பார்த்து
வழியை வெட்டிக்கொண்டு வந்து கேட்கும்
புதன்கிழமையும் வர ஏலுமா, ஏலுமா என்று.
இந்தப் பெட்டி வழி மட்டும் சொல்லும்.
என்னிடம் எதையும் கேட்காது.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
"அந்தக் குறட்டை எடுங்கோ" என்றேன்.

சிகரெட் மூட்டியின் முதுகுப்புறம்
சிவப்பும் மண்ணிறமும் பச்சைக்கோடு போட்ட வெள்ளையுமாய்
ஒரு சடை.
பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக இறக்க
தீப்பெட்டியளவில் ஒன்று வாங்கியிருந்தேன்.
பிழையான வயரில் கொளுவினேன்.
பியூஸ் போனது. மணிக்கூடும் கூடவே போனது.
புது பியூஸ் போட்ட பிறகும் அது
பன்னிரண்டு, பன்னிரண்டு என்று கண்சிமிட்டுகிறது,
இன்றைக்கும்.

கடைசியில் பெட்டி பொந்துக்குள் போய்
டக் என்று உட்கார்ந்தது.
காரோடு பிறந்ததுபோல அவ்வளவு வடிவு.
ரகுபரனே குனிந்து பார்த்தார்.
திறந்தால் திரை. மூடினால் சில்லறைப் பொந்து.

செய்மதிகளைத் தேடுகிறது, என்றது திரை.
ஐந்து நிமிடம்.
செய்மதிகளைத் தேடுகிறது.
காரை வீதிக்கு இறக்கி வானத்தின் கீழ் விட்டேன்.
தேடுகிறது.
தகரத்துக்கும் ஹீற்றருக்கும் நடுவில்
ஓர் அலைவரிசைகூட நுழையாத இருட்டில் இறக்கிவிட்டு
நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால்
அதுதான் என்ன செய்யும்?

தபாலில் அன்ரெனா வரப் பதினொரு நாள்.
ஐம்பது சதக் காசளவு.
வயரைக் கண்ணாடியோரத் தூணின் தோலுக்குள்
வெண்ணெய்க் கத்தியால் தள்ளித் தள்ளி
மேலே, மூலையில், வெளிச்சம் படும் இடத்தில் ஒட்டினேன்.
ஒன்பது செய்மதிகள் வந்தன.
எண்ணினேன்.

இன்று ஜூலை, ஐந்தரை மணி.
நோபிள் பார்க்கில் திருமதி கொஸ்தாகிஸ் குளிக்கக் காத்திருப்பார்.
காருக்குள் என் மூச்சு கண்ணாடியெல்லாம் ஏறுகிறது,
ஏற ஏற
எத்தனையோ தரம் வினாகிரி போட்டுத் துடைத்த இடத்தில்
அந்த வட்டம்.
முழுசாக, அசையாமல்,
வந்து நிற்கிறது.
போகிறவன் வருகிறவனிடமெல்லாம் அது சொல்வது
உண்மைதானே. உள்ளே இருக்கிறது.

விரலால் அதற்கு இரண்டு கண் வைத்தேன்.
வாய் வைப்பதற்குள் ஹீற்றர் சூடேறி
முகம் தாடையிலிருந்து கரையத் தொடங்கியது.
மூடியைத் திறந்தேன்.
இருநூறு மீற்றரில் இடப்பக்கம், என்கிறது டாஷ்போர்ட்.